கடைசிப் பத்தியில் வரும் மேடை

காட்சியமைப்பும் ஒளியமைப்பும் நாடகத்துக்கு மெருகூட்டின என்று ஒரு வரி. சிங்கப்பூர்த் தமிழ் நாடக விமர்சனங்களில் மேடைக்குப் பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான், அதுவும் கடைசிப் பத்தியில். கதையையும் வசனத்தையும் நம் விமர்சகர்கள் கூர்மையாகவே எடைபோடுகிறார்கள். உச்சரிப்பு பிசகினால் விடமாட்டார்கள். சிறுபான்மையினர் பேசும் மொழிக்கு இப்படிப்பட்ட காதுகள் வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கண்ணுக்கு அதே மதிப்பு கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தொலைந்த பூனையைத் தேடும் தாயைப் பற்றி 1988இல் சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் மேடையேற்றிய நாடகத்தில் ஒரு காட்சி. ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சைகையாலும் குரலாலும் தங்கள் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வசனத்தை மட்டும் கேட்கும் விமர்சகர் இங்கே எதை எழுதுவார்? இருவருக்கும் இடையே எவ்வளவு இடம் விடப்பட்டது, யார் முதலில் நெருங்கினார், வெளிச்சம் யார் கையில் விழுந்தது? காட்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. வசனம் அச்சில் கிடைக்கும். இதெல்லாம் அன்று பார்த்தவர் எழுதிவைத்தால்தான் உண்டு.

ஆங்கிலத்தில் நிலைமை மேல். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 2001இல் தொடங்கிய லைஃப் நாடக விருதுகளில் அரங்கம், ஒளி, ஒலி, உடை வடிவமைப்புகளுக்குத் தனி விருதுகள் உண்டு. வடிவமைப்பாளரின் பெயர் வெளியே தெரிகிறது. ஆனால் பிரமிக்கவைப்பதே சிறந்த வடிவமைப்பு என்று கருதும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. உதாரணமாக, கொல்கத்தா மினர்வா அரங்கில் 1959இல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்காக தாபஸ் சென் ஒளியாலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறவைத்தார். அந்த வித்தையை வியந்ததோடு நின்றுவிடும் எழுத்து, தண்ணீர் யார் கழுத்துவரை ஏறியது என்பதை விட்டுவிடும்.

நம் மேடைகளில் அடிக்கடி பார்ப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறை. சோபா, தொலைக்காட்சி, சுவரில் சாமி படம். 'யதார்த்தமான செட்' என்று பாராட்டிவிட்டு விமர்சனம் நகர்ந்துவிடும். எந்த வீவக வீடு? குவீன்ஸ்டவுனில் சுற்றிவந்தவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஸ்டெர்லிங் சாலையில் வீவக 1960இல் கட்டிமுடித்த முதல் புளோக்குகளான 45, 48, 49 ஏழு மாடிதான். அதே வட்டாரத்து டாசனில் நிற்கும் 'ஸ்கைவில்' 47 மாடி. பொது நடைபாதையில் ஆள் நடமாட்டம் கேட்கும் வீட்டில், அப்பாவோடு சண்டைபோடும் மகள் குரலைத் தாழ்த்துவாள். உச்சி மாடியில் கத்துவாள். வாசல் கம்பிக் கேட் திறந்திருக்கிறதா, செருப்பு அலமாரி எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே என்று வடிவமைப்பாளர் முடிவுசெய்யும்போது நடிகரின் குரலையும் உடலையும் சேர்த்தே முடிவுசெய்கிறார். செட் அழகா என்பதற்கு முன்னால், அது நடிகரை என்ன செய்யவைத்தது என்று கேட்கவேண்டும்.

பணமும் இதில் இருக்கிறது. சிறிய குழுக்கள் கறுப்புச் சுவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலியையும் சில விளக்குகளையும் வைத்து நாடகம் போடுகின்றன. அதற்கு 'எளிமையான மேடை' என்று எழுதுவது போதவே போதாது. அந்த நாற்காலி இரண்டாம் காட்சியில் ஏன் நமக்கு முதுகு காட்டியது என்று எழுதினால், அதைத் திருப்பிவைத்தவர் அடுத்த நாடகத்துக்குமுன் படித்துப்பார்க்க ஏதாவது இருக்கும்.