ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் தத்துவம்

ஒரு திருகு கழல மாட்டேன் என்கிறது. பைக்கின் பக்க மூடியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் அதன் தலையில் இருக்கும் பள்ளம் தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவர் வழுக்க ஆரம்பித்துவிடும். திருகு வராவிட்டால் மூடி வராது. மூடி வராவிட்டால் உள்ளே என்ன பழுது என்றே தெரியாது. சில்லறைக் காசு பெறாத அந்தத் திருகின் மதிப்பு இப்போது மொத்த பைக்கின் மதிப்புக்குச் சமம்.

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்’ நூலைப் படித்தவர்கள் கதையை மறந்தாலும் இந்தத் திருகை மறப்பதில்லை. 1968இல் தன் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை அவர் போன பயணம்தான் நூலின் எலும்புக்கூடு. 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று சொன்ன கைப்பிரதி 1974இல் வெளிவந்து உலகம் முழுக்க விற்றது. பிர்சிக் கம்ப்யூட்டர் மேனுவல்கள் எழுதிப் பிழைத்தவர். அதனாலோ என்னவோ, ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பாசம். இதைப் படித்துவிட்டு ஸ்பானர் செட் வாங்கிய நாலைந்து பேரை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தன்.

சிக்கிக்கொண்டு நிற்கும் அந்த நிமிடத்தைக் கண்டு பயப்படாதே, உண்மையான அறிதல் அங்கேதான் தொடங்குகிறது என்கிறார் பிர்சிக். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்க்ரீனையே வெறித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையேடு கைவிட்ட இடத்தில், கண்முன் இருக்கும் பொருளை முதல்முறையாகப் பார்க்க ஆரம்பிக்கிறோம். இந்தப் பகுதிக்காகவே நூலை இன்னும் நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன்.

ஆனால் திரும்பப் படித்தபோது வேறொன்று உறுத்தியது. அனுபவம் உள்ள ஆளாக இருந்தால் துரு இளக்கும் திரவத்தை ஊற்றி, இம்பாக்ட் டிரைவரை வைத்து அடித்திருப்பாய் என்று பிர்சிக்கே அதே இடத்தில் சொல்கிறார். சொல்லிவிட்டு, சரி, நீ அனுபவம் இல்லாதவன் என்று வைத்துக்கொள்வோம் என நகர்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் பக்கம் பக்கமாகத் தத்துவம். அனுபவசாலி ஒரே வாக்கியத்தில் வந்து போய்விடுகிறார். திருகு தத்துவச் சிக்கலாவது அதை எப்போதாவது கழற்றுகிறவனுக்கு மட்டும்தான். தினமும் நாற்பது திருகு கழற்றுகிறவருக்கு அது வேலை.

அப்படியானால் தினமும் கழற்றுகிறவர்களைப் பிர்சிக் எப்படிப் பார்க்கிறார்? நூலின் தொடக்கத்திலேயே ஒரு மெக்கானிக் ஷாப் வருகிறது. இன்ஜின் ஜாம் ஆகி, வண்டியை அங்கே விடுகிறார். ரேடியோ அலறுகிறது, பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். டேப்பெட் என்கிறார்கள், உளியும் சுத்தியலுமாக இறங்கி அலுமினியத்தை உடைக்கிறார்கள். கடைசியில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சில வாரம் கழித்து அவரே கண்டுபிடிக்கிறார்: ஆயில் போகும் வழியில் 25 சென்ட் பெறுமான ஒரு சின்ன பின் உடைந்திருக்கிறது. அவர்களிடம் திறமை இல்லாமல் இல்லை, அக்கறைதான் இல்லை, அவர்கள் தங்கள் வேலையையே வேடிக்கை பார்க்கிறவர்கள் என்பது பிர்சிக்கின் தீர்ப்பு.

‘சில வாரம் கழித்து’ என்பதைக் கவனியுங்கள். பிர்சிக்கிடம் சில வாரங்கள் இருந்தன. அந்தப் பையன்களிடம் எத்தனை மணி நேரம் இருந்தது, அவர்களுக்கு என்ன சம்பளம், அன்றைக்கு வாசலில் இன்னும் எத்தனை வண்டி நின்றது? நூலில் இந்தக் கேள்விகள் இல்லை.

டேப்பெட்டையே எடுத்துக்கொள்வோம். வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி இருக்க வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும், அளவு தப்பும். நான் சனிக்கிழமை ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு மூடியைத் திறப்பேன். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வருகிறவர் வண்டியை அப்போதுதான் ஓட்டிக்கொண்டு வருகிறார். “ஆபீஸ் போகணும்ணே, அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுங்க” என்று பக்கத்திலேயே நிற்கிறார். இன்ஜின் எங்கே ஆறும்? அண்ணன் கைப்பதத்தில் வைக்கிறார், சத்தத்தைக் கேட்டு ஒரு கால் சுற்று திருப்புகிறார். என்னுடைய துல்லியத்துக்குப் பின்னால் இருப்பது ஜென் மனநிலை இல்லை, மாதச் சம்பளமும் வார விடுமுறையும்தான்.

மேத்யூ கிராஃபோர்டின் ‘ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்’ (2009) இந்த இடத்தில் உதவுகிறது. அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் ஒரு சிந்தனைக் கூடத்தில் ஐந்து மாதம் இருந்துவிட்டு, ரிச்மண்ட் நகரத்தில் பைக் ரிப்பேர் கடை போட்டவர் கிராஃபோர்டு. பிர்சிக்கின் அதே ஷாப் காட்சியை அவரும் எடுக்கிறார். அந்த மெக்கானிக்கை, வெளியுலகத்தோடு ஒட்டாமல் தனக்குள் அடைபட்டவன் என்ற பழைய கிரேக்க அர்த்தத்தில், முட்டாள் என்கிறார். இதில் அவர் பிர்சிக் கட்சிதான். ஆனால் அவர் ஒரு பழைய ஹோண்டா மேக்னாவின் ஆயில் சீலைத் தோண்டிக்கொண்டே போன கதையையும் சொல்கிறார். மணி ஓடுகிறது. தன் ஆர்வத்துக்காகச் செலவழித்த நேரத்துக்கு வண்டிக்காரரிடம் எப்படிப் பில் போடுவது என்ற கேள்வி வருகிறது. கடை நடத்துகிறவர் என்பதால்தான் இது அவர் கண்ணில் படுகிறது. அக்கறைக்கும் விலை உண்டு, அதை யாராவது ஒருத்தர் கொடுத்தாக வேண்டும்.

பிர்சிக்கின் நூலில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார்: குரங்கு. தென்னிந்தியக் குரங்குப் பொறி என்று ஒன்றைச் சொல்கிறார். குடைந்த தேங்காய்க்குள் அரிசி. கையை விட்டு அள்ளிய குரங்கால் மூடிய கையை வெளியே எடுக்க முடியாது. அரிசியை விட்டால் தப்பிக்கலாம், விடாது. எது முக்கியம் என்று மறுபடி எடைபோடத் தெரியாததால் மாட்டிக்கொள்கிறது என்பது அவர் பாடம். நல்ல உவமைதான். ஆனால் குரங்குக்குப் பசிக்கிறது என்பது அவர் கணக்கில் இல்லை. ஷெட்டில் நிற்கும் பையனுக்கு அந்தக் கைப்பிடி அரிசிதான் அன்றைய கூலி.

இதை நம் ஊரில் வைத்துப் படிக்கும்போது இன்னும் உறுத்துகிறது. கையில் கிரீஸ் படாத வேலைக்குப் பிள்ளை போகணும் என்று கடன் வாங்கி இன்ஜினியரிங் சேர்த்த வீடுகள் எத்தனை! முதல் வருட வொர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை ஃபைலால் தேய்த்ததோடு நம் கைவேலை முடிந்தது. பத்து வருஷம் கழித்து அதே கிரீஸை ஞாயிற்றுக்கிழமை தியானமாகத் திரும்ப எடுக்கிறோம். எடுக்கலாம், தப்பே இல்லை. “எந்த மெக்கானிக்கும் ஒழுங்கா பண்றதில்ல, நானே பாத்துக்கிறேன்” என்று அதோடு சேர்ந்து வருகிற அந்த வாக்கியம்தான் தப்பு. வாரத்தில் ஐந்து நாள் டெட்லைனுக்குள் ஒப்பேற்றித் தள்ளச் சொல்லும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, அவசரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா என்ன?

பிரேக் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டதற்குக் கூலி குறைவு என்பது சமாதானம் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. உயிர் போகிற விஷயம். ஆனால் அக்கறை மனசுக்குள்ளிருந்து மட்டும் ஊறுவதில்லை. அதற்கு நேரம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், டார்க் ரென்ச் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

இதற்குச் சாட்சி பிர்சிக்கின் நூலிலேயே இருக்கிறது. வழியில் ஒரு வயதான வெல்டரிடம் செயின் கார்டைக் கொடுக்கிறார். தகடு மெல்லியது, கொஞ்சம் தவறினாலும் ஓட்டை விழும். கிழவர் நிதானமாக, அற்புதமாகப் பற்றவைக்கிறார். அவர் தலைக்கு மேல் ரேடியோவும் இல்லை, விரட்டும் முதலாளியும் இல்லை. அழகாக இருக்கிறது என்கிறார் பிர்சிக். கிழவர் ஒரு டாலர் என்கிறார்.

அவர் பாராட்டைக் கண்டுகொள்ளாததைப் பிர்சிக் கவனிக்கிறார், பிறகு பயணம் தொடர்ந்துவிடுகிறது. நூலைக் கையில் எடுக்கிறவர்கள் திருகு வரும் இடத்தில் நிற்பதைப் போல இந்த இடத்திலும் கொஞ்சம் நிற்கலாம். ஒருவர் அழகைச் சொல்கிறார், இன்னொருவர் விலையைச் சொல்கிறார். இரண்டுமே அந்த வேலையைப் பற்றிய உண்மைதான். நூல் முழுக்க முதல் குரலே கேட்கிறது. அந்த ஒரு டாலர்க்காரர் எழுதியிருந்தால் திருகைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.