எம்.பி. அறிக்கையை நிறுத்துப் பார்த்தால்

தமிழ்நாட்டில் எம்.பி.க்கள் அச்சடித்துக் கொடுக்கும் செயல்பாட்டு அறிக்கைகளுக்குப் பொதுவான ஒரு முகம் உண்டு. நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, சமுதாயக் கூடம் எனப் பல பக்கம். பொருளாதாரமும் வெளியுறவும் சேர்த்து நாலு வரி. அந்த நாலு வரியிலும் ‘வலியுறுத்தினார்’, ‘மனு அளித்தார்’, ‘கண்டனம் தெரிவித்தார்’ என்பவற்றைத் தாண்டி ஒரு வினைச்சொல் வருவது அபூர்வம். கூடவே, அமைச்சரிடம் காகிதம் நீட்டும் படம்.

நிழற்குடை இவ்வளவு இடம் பிடிப்பதற்குக் காரணம், 1993 டிசம்பரில் தொடங்கிய தொகுதி மேம்பாட்டு நிதி. இன்று அது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். டெல்லிக்குப் போன ஒருவரின் பேர் ஊரில் கல்வெட்டாக நிற்பது பெரும்பாலும் இந்தப் பணத்தால்தான். மக்களவையில் பொதுக் கணக்குக் குழுத் தலைவராக இருந்த இரா. செழியன், இந்தத் திட்டத்தின் அடிப்படையையே கேள்வி கேட்டுத் தனி நூல் எழுதினார். அரசிடம் கணக்குக் கேட்க வேண்டியவரே செலவழிப்பவராகிவிட்டால் யார் யாரிடம் கேட்பது? என் பார்வையில் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அந்த நாலு வரிக்கு வருவோம். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி. தடை நீங்கியது 2024 செப்டம்பர் கடைசியில். எண்ணெயிலும் இதே ஏற்ற இறக்கம்: 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி, 2025 மே 30 அன்று அது பாதியானது. விழுப்புரம் மாவட்டப் பனமலை ஏரிப் பாசனத்தில் நெல் நட்டு, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடமான கமிட்டிக்கு மூட்டை ஏற்றுகிறவருக்கும், மேட்டு நிலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவருக்கும் வெளிநாட்டு வணிகக் கொள்கை என்பது இதுதான். வெளியே போகும் வழியை அடைத்தால் நெல் விலை ஏற இடமில்லை; பாமாயில் மலிவாக வந்து இறங்கினால் மல்லாட்டை எண்ணெய்க்குப் போட்டி கூடும். நகரத்தில் அரிசியும் எண்ணெயும் வாங்குகிறவருக்கு இதே முடிவுகள் நிம்மதி தரும் என்பதையும் மறுக்க முடியாது. இந்த இழுபறியில் தன் தொகுதிக்காக எந்தப் பக்கம் நின்றார் என்று உறுப்பினர் சொல்ல வேண்டாமா?

அவர் தரப்பு வாதமும் வலுவானதுதான். இந்த முடிவுகள் எதுவும் மசோதாவாக அவைக்கு வந்தவை அல்ல, எல்லாம் அறிவிக்கை. மசோதாவே வந்தாலும், 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து. ஆனால் கேள்வி கேட்க எந்தக் கொறடாவும் தடையில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு வாய்மொழியாகவும் 230 கேள்விகளுக்கு எழுத்திலும் பதில் தர இடமுண்டு. கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் தன் பேர் விழாமல் போகலாம். விழுந்த அன்று என்ன கேட்டார், அமைச்சர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைத் தமிழில் அப்படியே அச்சிட என்ன தடை? இன்னொன்று: பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன, யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று பேர்வாரியான பதிவு கிடையாது. அவர் வாய் திறந்தால்தான் தொகுதிக்குத் தெரியும். அறிக்கை மௌனம் காக்கக் கூடாத இடம் அது.

வெளியுறவில் உறுப்பினரின் கை இன்னும் குட்டை. ஒப்பந்தம் போட அரசுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. 1974 ஜூனில் இலங்கையுடன் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே, ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தார். இரா. செழியனும் ராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசினார்கள். ஒப்பந்தத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அப்படியானால் அந்தப் பேச்சு வீணா? 2024 தேர்தலில் தீவை யார் விட்டுக்கொடுத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னபோது, சரிபார்க்க அவைக்குறிப்பு இருந்தது. மீனவருக்கு அதனால் வலை வீச ஒரு அடி கடல்கூடத் திரும்பவில்லை என்பதும் உண்மை. வெளியுறவில் ஒரு உறுப்பினர் பல நேரம் சாட்சிதான். அந்த அளவுக்கு மேல் உரிமை கோரினால் நான் நம்ப மாட்டேன்.

விதிவிலக்கும் உண்டு. இலங்கைக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்துகளும் அனுப்ப அனுமதி கேட்டு 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மே மாதமே முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. மாநிலம் கேட்டது, ஒன்றியம் வழிவிட்டது. இதை எழுதும் அறிக்கை இரண்டையும் சொன்னால் நேர்மை.

சாதனைக்கு உரிமை கோருவதில் இன்னொரு உதாரணம்: 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இதை எந்தக் கட்சியின் நோட்டீஸ் தன் சாதனையாகப் போட்டாலும், பட்டியலுக்குப் பரிந்துரை போகும் முன் அவர்கள் எழுதிய கடிதத்தையோ கேட்ட கேள்வியையோ தேதியோடு காட்டச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே பனமலையில் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் மிச்சம் இருக்கிறது. அதன் பராமரிப்பு பற்றிக் கேட்க உலகப் பட்டியல் தேவையில்லை. எழுத்துப் பதில் கோரும் ஒரு கேள்வி போதும்.

ஆகவே என் தீர்ப்பு: கை எட்டாத இடத்தில் உறுப்பினரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கேள்வி, வாக்கு, அவைப் பேச்சு என்று கை எட்டும் மூன்றையும் விட்டுவிட்டு ‘வலியுறுத்தினார்’ என்று முடிக்கும் அறிக்கை, நிழற்குடைப் பக்கங்கள் எத்தனை இருந்தாலும், பொருளாதாரம், வெளியுறவு இரண்டு பாடத்திலும் தேறாது.