லா.ச.ரா.வின் பிற்கால நடை

அரியலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில் லால்குடி வரும். அந்த ஊரைத் தன் இனிஷியலிலேயே வைத்திருந்தவர் எழுத்தாளர் லா.ச.ராமாமிருதம் (1916–2007).

'ஜனனி', 'பாற்கடல்' சிறுகதைகளின் காலத்து வாக்கியங்கள் மந்திர உச்சாடனம் போல ஏறிக்கொண்டே போகும். படிமத்தின் மேல் படிமம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்பத்தூரில் குடியேறிய பிறகு எழுதிய 'சிந்தாநதி' வேறு மாதிரி. தினமணி கதிரில் தொடராக வந்த சின்னச் சின்ன நினைவுகள். கதையா, கட்டுரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மனிதரை நம் முன்னால் நிறுத்தச் சில பக்கங்களே அவருக்குப் போதும். ஒற்றைச் சொல் முழு வாக்கியமாக நிற்கும். அடுத்த வரி பல வருஷங்களைத் தாண்டிவிடும். இடையில் நடந்ததை நாமே நிரப்பிக்கொள்கிறோம். வாசகன் மீது இத்தனை நம்பிக்கை வைக்க, எழுதி எழுதித் தேறிய கைக்குத்தான் முடியும்.

1989-இல் சாகித்ய அகாதெமி விருது இந்த நூலுக்கே கிடைத்தது. அவருடைய நாவல்களான 'புத்ர'வுக்கோ 'அபிதா'வுக்கோ அல்ல.

நடை சுருங்கியதில் சங்கீதம் போய்விடவில்லை. வாய்விட்டுப் படித்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது.