வாத்ஸல்யமும் பனிக்கட்டியும்

கோடை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் வீட்டு நாய்க்கென்று, தயிரையோ வேகவைத்துக் கடைந்த பூசணியையோ அச்சுகளில் ஊற்றி உறையவைத்துக் கொடுக்கும் வழக்கம் நகரத்து இல்லங்களில் பரவிவருகிறது. வாத்ஸல்யத்தில் பிறந்த காரியமாதலால் அதில் குறை காண்பது தகாது என்று சிலர் எண்ணலாம். ஆயினும், கொடுப்பவருக்குக் கிடைக்கும் திருப்திக்கு ஈடான நன்மை பெறுகின்ற பிராணிக்கும் கிடைக்கிறதா என்பது பரிசீலனைக்கு உரிய விஷயமே.

முதலில் குணங்களைக் காண்போம். மனிதருக்கென்று விற்கப்படும் ஐஸ்கிரீமில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி. அதோடு, பாலிலுள்ள லாக்டோஸை ஜீரணிக்கும் சக்தி வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குக் குறைவாதலால், அது வயிற்றுப்போக்கில் முடிவதும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டிஸ்னிக், நாய்களுக்கென ‘ஃப்ராஸ்டி பாஸ்’ என்னும் உறைபண்டத்தை ஆக்கியபோது லாக்டோஸ் குறைந்த கலவையை நாடியதும் இதனாலேயே. வீட்டில் செய்பவருக்கோ, எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்னும் சுதந்திரம் முழுமையாக இருக்கிறது. மேலும், பிஸ்கட்டை ஒரே விழுங்கில் முடித்துவிடும் நாய், உறைந்த பண்டத்தை நெடுநேரம் நக்கிக்கொண்டிருப்பதால், பகலெல்லாம் தனித்திருக்கும் அதன் சலிப்புக்கு அது நல்ல பரிகாரமாகிறது.

ஆனால், எந்தப் பயனை முன்னிட்டு இவ்வழக்கம் பாராட்டப்படுகிறதோ, அந்தக் குளிர்ச்சிப் பயனே இதில் மிகவும் சொற்பமானது. நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே சுரப்பதால், அது மூச்சிரைத்து, நாவிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுமார் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கவேண்டிய உடல், வெப்பத் தாக்கத்தால் 41 பாகையை எட்டும்போது, வேண்டியவை உடலை நனைக்கும் நீரும், காற்றும், தாமதமற்ற வைத்தியமுமே; அப்போது பனிப்பண்டத்தை நீட்டுவது வீண் காலதாமதமாகும்.

அபாயங்களும் சமையலறையிலேயே உள்ளன. சர்க்கரையில்லாப் பீனட் பட்டர் சிலவற்றில் கலந்திருக்கும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி, நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கி, இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி, கல்லீரலையும் சிதைக்கவல்லது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்புச் சாற்றில் ஊறிய வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிக்கும். உறையவைத்தலால் கிருமிகள் வளர்ச்சி குன்றுமேயன்றி முற்றும் அழிவதில்லை. கல்லாய் இறுகிய கட்டியைக் கடிக்கும் நாய், தன் பெரிய கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொள்வதும் உண்டு. தின்பண்டங்கள் அனைத்தும் சேர்ந்து அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற வைத்திய விதியும், ஆசையின் முன்னால் எளிதில் மறக்கப்படுகிறது.

ஆகவே, இவ்வழக்கத்தின் குணமும் தோஷமும் செய்பவருடைய சுதந்திரம் என்னும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. நாயின் நாவில் சுவை மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு. அது நாடும் மணமோ உறைந்த பண்டத்தில் மங்கிவிடுகிறது. எனவே பல நிற அடுக்குகளும் எலும்பு வடிவ அச்சுகளும் பார்ப்பவருடைய கண்ணுக்கான அலங்காரங்களே. உப்பும் வெங்காயமும் சேராத கோழிச் சாற்றையோ விதை நீக்கிய தர்ப்பூசணியையோ, நக்குவதற்கு ஏற்ப மெல்லிய படலமாகத் தட்டில் உறையவைத்து அளிப்பதோடு நிற்பவரே இக்கலையைச் சரியாகக் கற்றவர். மிகுதியாகச் சேர்ப்பதில் பெருமை காணும் சமையல்காரர், அதனை நாய்க்காகச் செய்கிறார் என்று சொல்லுவதற்கில்லை.