கை படாத தீவும் கை வைத்தவர்களும்

தெற்கு ஜார்ஜியா தீவுக்குக் கப்பலில் போய்வந்தவர்கள் எழுதும் பயணக்கட்டுரைகளை இரண்டு வருடமாகத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே போனதில்லை. போகப்போவதும் இல்லை. மூன்று வாரப் பயணத்துக்கு ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். வாசிக்க அவ்வளவு ஆகாது என்பதால் இந்தப் பழக்கம் தொடர்கிறது.

தீவு தென் அட்லாண்டிக்கில், ஃபாக்லாந்து தீவுகளுக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமானநிலையம் கிடையாது. பூர்வகுடிகள் என்று யாரும் இருந்ததில்லை. நீளவாக்கில் பனி மூடிய மலைகள், நடுவே பனியாறுகள், கரையெல்லாம் பென்குவின், சீல், ஆல்பட்ராஸ். அங்கே போகும் கப்பல்களைச் சும்மா உல்லாசக் கப்பல் என்று சொன்னால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 'எக்ஸ்பெடிஷன்' என்றுதான் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கியவரை அந்த ஒரு சொல் ஷாக்கில்டனின் சித்தப்பா மகனாக ஆக்கிவிடுகிறது.

கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. முதலில் கடல் கொந்தளிப்பும் வாந்தியும். பிறகு ரப்பர் படகில் கரைக்குப் போவது. பறவை எச்சத்தின் நாற்றம் கரைக்கு முன்பே வந்து மூக்கில் ஏறும். அப்புறம் ராஜ பென்குவின்கள் 'வரவேற்கும்'. எல்லாக் கட்டுரையிலும் பென்குவின்கள் வரவேற்றே தீரும்; பாவம், அவற்றுக்கு வேறு வேலையே இல்லை. கிரிட்விகென் கல்லறைத் தோட்டத்தில் ஷாக்கில்டனுக்கு ஒரு மடக்கு விஸ்கி. முடிவில் கண்ணீர். 'வார்த்தைகளால் விவரிக்க முடியாது' என்று ஒரு வரி வரும். அதற்கு முன்னாலும் பின்னாலும் மூவாயிரம் வார்த்தைகள் இருக்கும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னை நிறுத்துவது இன்னொரு சொல். கம்பெனிகளின் விளம்பரத்திலும் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி வருவது: மனிதக் கை படாத நிலம். ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தமிழாக்கினால் 'தீண்டப்படாத' என்று வரும். அந்தச் சொல்லை நம் மொழியில் அவ்வளவு சுலபமாக எழுதிவிட முடியாது என்பது வேறு கதை. எப்படி எழுதினாலும் தெற்கு ஜார்ஜியாவுக்கு அது பொருந்தாது. பூமியில் மனிதக் கை இவ்வளவு மோசமாகப் பட்ட இடங்கள் குறைவு.

1775 ஜனவரியில் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கினார். தெற்கே இருப்பதாக எல்லோரும் நம்பிய பெருங்கண்டத்தின் முனை இது என்று முதலில் எண்ணி, தென்கோடியைச் சுற்றியதும் வெறும் தீவு என்று தெரிந்து, அந்த முனைக்கு 'ஏமாற்ற முனை' என்றே பெயர் வைத்துவிட்டுப் போனார். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்பதுதான் அவர் தீர்ப்பு. ஆனால் சீல்கள் ஏராளமாக இருப்பதையும் குறித்துவைத்தார். அவருடைய பயண நூல் 1777இல் வெளிவந்தது. 1786 வாக்கில் சீல் வேட்டைக் கப்பல்கள் வந்துசேர்ந்தன. 1800-01 பருவத்தில் எட்மண்ட் ஃபானிங்கின் 'அஸ்பேஸியா' என்ற ஒரே கப்பல் 57,000 தோல்களை ஏற்றிக்கொண்டு போனது. 1820களில் அங்கே வந்துபோன ஜேம்ஸ் வெடெல், அதுவரை பன்னிரண்டு லட்சம் ஃபர் சீல்களாவது உரிக்கப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்.

இலக்கியம் சமூகத்தை மாற்றுமா என்று நாம் மாதத்துக்கு ஒரு தடவை சண்டை போடுகிறோம். இங்கே ஒரு பயண நூலின் சில வரிகள் ஒரு கரையையே காலிசெய்திருக்கின்றன. குக்குக்கு அந்த நோக்கம் இல்லை. பார்த்ததை நேர்மையாக எழுதினார், அவ்வளவுதான். இந்தத் தீவைப் பற்றிய எழுத்தை 'அழகாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்டு என்னால் வாசிக்க முடியாமல்போவது இதனால்தான்.

பிறகு திமிங்கிலம். 1904இல் நார்வேக்காரர் கார்ல் அன்டன் லார்சன் கிரிட்விகெனில் திமிங்கில ஆலையைத் தொடங்கினார். கிரிட்விகென் என்றால் சட்டி விரிகுடா என்று பொருள். பழைய வேட்டைக்காரர்கள் சீல் கொழுப்பை உருக்கிய இரும்புச் சட்டிகள் அங்கே கிடந்ததால் வந்த பெயர். 1965 வரை அந்தத் தீவின் நிலையங்களில் 1,75,250 திமிங்கிலங்கள் அறுக்கப்பட்டன. துருப்பிடித்த அந்த ஆலைக்குப் பக்கத்தில் நின்றுதான் இன்று விஸ்கி ஊற்றுகிறார்கள். கட்டுரைகளில் ஆலை வராமல் இல்லை. ஒரு பத்தி வரும், 'சோகமான வரலாறு' என்று தலையாட்டிவிட்டு அடுத்த பத்தியில் பென்குவினிடம் போய்விடும்.

இதற்கெல்லாம் எதிரே நான் வைக்க விரும்பும் புத்தகம் ராபர்ட் குஷ்மன் மர்ஃபியின் 'லாக்புக் ஃபார் கிரேஸ்'. 1947இல் வெளிவந்தது. எழுதப்பட்ட அனுபவம் 1912-13இல் நடந்தது. மர்ஃபிக்கு அப்போது இருபத்தைந்து வயது, பறவையியலாளர், கிரேஸைத் திருமணம் செய்து சில மாதங்கள்தான். நியூ பெட்ஃபோர்டின் 'டெய்ஸி' என்ற பாய்மரக் கப்பலில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் பறவைகள் சேகரிக்கப் போகிறார். போகச் சொல்லி ஊக்கப்படுத்தியதே கிரேஸ்தான். டெய்ஸி ஆராய்ச்சிக் கப்பல் அல்ல. திமிங்கிலமும் யானை சீலும் கொன்று எண்ணெய் எடுக்கும் கப்பல். அந்தப் பழைய பாணித் தொழிலின் கடைசிக் கப்பல்களில் ஒன்று.

நாட்குறிப்பு வடிவம், வாசகி ஒரே ஒருத்தி, மனைவி. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் புத்தகத்தின் உண்மை இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஊருக்கெல்லாம் எழுதும்போது வருகிற வீர முகத்தை, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருத்தரிடம் ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. தன் சிறு படகுக்கே அவள் பெயரை வைத்திருக்கிறார். அந்தப் படகில் ஏறித்தான் கரைக்குப் போகிறார், பார்க்கிறார், சுடுகிறார்.

ஆம், சுடுகிறார். இளம் வாசகர்கள் பலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடக்கூடும். ஆல்பட்ராஸ் ஜோடி இறக்கையை விரித்து ஒன்றையொன்று சுற்றி ஆடுவதை அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு ஆசையாக எழுதுகிற அதே மனிதர், பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பாடம்செய்து பெட்டியில் அடுக்குகிறார். கரையில் யானை சீல்களை மாலுமிகள் கொல்வதையும், கொழுப்பைக் கீறிக் கப்பலுக்கு இழுத்துப்போவதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அவர் சாப்பிடும் சோறு அந்த எண்ணெயிலிருந்து வருவது. அது அவருக்குத் தெரியும், கிரேஸுக்கும் தெரியும், நமக்கும் தெரிகிறது.

இன்றைய கப்பல் கட்டுரைகளில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரிவதே இல்லை. கேமரா இருக்கிறது, கண் இருக்கிறது, உடம்பு இல்லை. வந்த கப்பல் எதை எரித்துக்கொண்டு வந்தது, சாயங்காலம் சூடான துண்டை நீட்டியவர் எந்த ஊர்க்காரர், எத்தனை மாத ஒப்பந்தம், ஒன்றும் வராது. 'அன்பான ஊழியர்கள்' என்ற இரண்டு சொல்லோடு சரி. மர்ஃபியின் புத்தகத்தில் டெய்ஸியின் மாலுமிகள் இருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளையும் கேப் வெர்டேயையும் சேர்ந்த கறுப்பினத்தவர்கள் நிறைய. அவர்களைப் பற்றி எழுதும் தொனியில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோரணை தென்படுகிறது, பல இடங்களில் எரிச்சலூட்டுகிறது. இருந்தாலும் அந்த மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். கேப்டன் பெஞ்சமின் கிளீவ்லாந்து இருக்கிறார். அந்த மாதிரி ஆளை நாவலில் எழுதினால் மிகை என்று சொல்வோம்.

இன்னொரு சந்தேகத்தையும் வைத்துக்கொண்டுதான் இதை வாசிக்க வேண்டும். பயணத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே முப்பத்து நான்கு வருடம். இருபத்தைந்து வயதுப் பையனின் குறிப்புகளுக்குள் அறுபது வயதுக்காரரின் கை எங்கெல்லாம் புகுந்திருக்கிறது? சில பக்கங்களில் வாக்கியம் ரொம்பவே சீவிச் சிங்காரித்து வருகிறது, அன்றிரவு கப்பல் ஆட்டத்தில் எழுதியதாகத் தோன்றவில்லை. அது குறைதான். அந்த அறுபது வயதுக்காரர் பின்னால் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1957இல் நியூயார்க் லாங் ஐலண்டில் விமானத்திலிருந்து டிடிடி தெளிப்பதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முதல் பெயர் மர்ஃபியுடையது. வழக்கு தோற்றது. ஆனால் அதற்காகத் திரட்டிய ஆதாரங்கள் ரேச்சல் கார்சனிடம் போய், 1962இல் வந்த 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலுக்கு உதவின.

போகாமல் எழுதியவர்களும் உண்டு. ஆல்பட்ராஸைச் சுட்ட மாலுமியின் பாட்டை 1798இல் வெளியிட்ட கோல்ரிட்ஜ் அதை எழுதும்வரை பெருங்கடலில் பயணம் செய்தவரில்லை. ஷெல்வாக்கின் பயண நூலில் ஒரு கறுப்பு ஆல்பட்ராஸை ஒருவன் சுட்ட செய்தி வோர்ட்ஸ்வொர்த் வழியாக வந்து சேர்ந்தது. எட்கர் ஆலன் போ 1838இல் தன் நாவலில் கெர்கெலன் தீவின் பென்குவின் குடியிருப்பை விவரித்தது பெஞ்சமின் மோரெலின் நூலைப் பார்த்துத்தான். ஆகவே போனவர்தான் எழுத வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கோல்ரிட்ஜ் போகவில்லை, ஆனால் சுட்டவனைப் பேசவைத்தார். அது போதும்.

இப்போது அந்த 'கை படாத' விஷயத்துக்கு வருகிறேன். மர்ஃபி அங்கே இருந்த நான்கு மாதங்களில் ஃபர் சீல் அந்தத் தீவில் அநேகமாக இல்லை. முற்றாக அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1930களில் வடமேற்கு முனையில் பேர்ட் தீவில் ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து பெருகிப் பெருகி, இன்று டிசம்பர் மாதத்தில் சில கரைகளில் ஃபர் சீல் நெருக்கத்தால் படகை இறக்கவே முடிவதில்லை. அதாவது, நூறு வருடத்துக்கு முன் போன மர்ஃபி பார்க்காததை நேற்று போன பயணி பார்க்கிறார், பார்த்துவிட்டு ஆதிகாலம் போலிருக்கிறது என்று எழுதுகிறார். அவர் பார்ப்பது ஆதிகாலம் இல்லை. அவருடைய தாத்தா காலத்துக்குப் பிறகு நடந்த ஒன்று. நார்வேக்காரர்கள் 1911இல் கொண்டுவந்து விட்ட மான்களைச் சுட்டு ஒழித்தார்கள். வேட்டைக் கப்பல்களோடு வந்திறங்கிய எலிகளை ஹெலிகாப்டரில் விஷம் தூவித் தீர்த்து, 2018இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அந்தத் தீவுக்கே உரிய ஒரு சின்னப் பாட்டுப் பறவை, நெட்டைக்காலி வகை, அதன் பிறகுதான் பெருகிப் பரவியது. அந்தப் பறவை பாடுவதற்குப் பின்னால் எத்தனை மனிதக் கைகள்!

இவ்வளவும் கப்பலிலேயே சொற்பொழிவாகச் சொல்லப்படுகிறது. சொல்கிறார்கள் என்று கட்டுரைகளே சொல்கின்றன. கேட்டுவிட்டு வந்தும் பழைய சொல்லையே எழுதுவது ஏன் என்பதுதான் என் கேள்வி. எனக்குப் படுவது: காசு கொடுத்து வாங்கியது ஆதிகாலம், திருத்தப்பட்ட நிலம் என்று எழுதினால் வாங்கிய பொருளின் மதிப்பு குறைந்துபோகும்.

இவர்கள் தாண்டிப்போகும் இடத்தில்தான் நல்ல எழுத்து இருக்கிறது. கரையில் இறங்குவதற்கு முன் எல்லோரும் தங்கள் கோட்டுப் பைகளை வெளியே இழுத்து வேக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். வெல்க்ரோ பட்டையில் சிக்கிய புல் விதையை ஊசியாலோ இடுக்கியாலோ நோண்டி எடுக்க வேண்டும். காலணியின் அடிப்பள்ளங்களைக் கழுவ வேண்டும். பணக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து தங்கள் சட்டைப்பையில் ஊர்ப் புல்லைத் தேடுகிறார்கள். இதைவிடப் பெரிய காட்சி என்ன வேண்டும்? ஒரு கட்டுரையில் மட்டும் இது அரைப்பக்கம் வந்தது, போன மாதம் நாயை நடத்திப்போன வயலின் விதை பையில் கிடைத்தது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். நான் வாசித்ததில் அதுதான் நல்ல கட்டுரை. பென்குவின் வரவேற்பும் அதில் இல்லை.

2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் தீவுக்கு வந்தது. முதலில் பேர்ட் தீவின் ஸ்குவா பறவைகளில். பிறகு யானை சீல்கள். குட்டி போடும் கரைகளில் பெண் சீல்களின் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது. சில கரைகளில் இறங்கத் தடை வந்தது. அதற்குப் பிந்தைய கட்டுரைகளில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். படகிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சம் தடுமாறி எழுதுகிறார்கள். கரையில் கிடப்பது தூங்குகிறதா, செத்ததா என்று தெரியாமல் நின்றதை எழுதுகிறார்கள். வரவேற்பு நின்றுவிட்டது. எழுத்து தேறியிருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தேறியிருக்கிறது.

பயணக் காலம் அக்டோபரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. அதற்குப் பிறகு உல்லாசக் கப்பல் ஒன்றும் கிடையாது. அலையும் ஆல்பட்ராஸின் குஞ்சு அந்தக் குளிர்காலம் முழுவதும், ஒன்பது மாதம், புல் மேட்டுக் கூட்டில் பனியில் உட்கார்ந்திருக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இரை கொண்டுவரும். தீவைச் சுற்றியுள்ள மீன்பிடிப்பில் இப்போது விதிகள் கடுமை, ஆல்பட்ராஸ் சிக்குவது மிக அரிது. அவை சாவது தூரத்துக் கடல்களில், நீளத் தூண்டில் கப்பல்களின் பின்னால். பேர்ட் தீவில் வருடாவருடம் கூடுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.