எல்லையூர் வழக்கில் நாய்: பெயரும் உறவும்

தமிழிலக்கிய ஆய்வுகளில் நாய் பெரும்பாலும் இரண்டு நிலைகளிலேயே பேசப்பட்டு வருகிறது. ஒன்று நன்றியின் உருவகம். மற்றொன்று இழிவின் உருவகம். யானையனையார் நட்பை விடுத்து நாயனையார் நட்பைக் கொள்க என்னும் நாலடியார்க் கருத்து முன்னதற்கும், தம்மை நாயினும் கடையராகத் தாழ்த்திக்கொள்ளும் மணிவாசகரின் கூற்று பின்னதற்கும் தவறாமல் எடுத்துக்காட்டப்பெறும். இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டுமே தலைவன் ஒருவனை உடைய நாயை மட்டும் கருதுகின்றன. தனித் தலைவன் இன்றி ஊரை அண்டி வாழும் நாய் இவற்றுள் இடம்பெறுவதில்லை. அந்நாயை வழக்குச் சொற்களின் வழியே காண்பதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையூர்கள் ஏற்ற களமாகும்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது போலப் பேச்சு பிரியவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கு இருபுறத்தாரும் வருவர், இருமொழியும் வழங்கும். நாயைக் குறிக்கப் பேச்சில் பட்டி என்பதும், எழுத்தில் நாய் என்பதும் (மலையாளத்தில் நாய) முன்னிற்கின்றன. பிற தமிழ்ப் பகுதிகளில் பட்டி என்பது ஆடுமாடுகளின் தொழுவத்தையும் சிற்றூரையும் குறிக்கும். தொழுவத்தைக் காத்தமையால் நாய் இப்பெயர் பெற்றது என்று கூறத் தோன்றும். ஆயின் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு சொல்வரலாறு எழுதுதல் தகாது.

பட்டியை ஈற்றில் கொண்ட தொடர்களே இங்கு மிகுதியும் பயன்தருவன. வெறிகொண்டது பேப்பட்டி, மெலிந்து நலிந்தது சாவாலிப்பட்டி, ஈன்றது தள்ளப்பட்டி, உள்ளூர் இனம் நாடன்பட்டி. இத்தொடர்கள் உடல்நிலை, நடத்தை, பிறப்பு ஆகியவற்றைக் கொண்டு பெயரிடுகின்றன. உடையவன் உண்டா, இல்லையா என்னும் வினாவை அவை எழுப்புவதே இல்லை. தள்ளை என்பது குட்டநாட்டார் தாய்க்கு வழங்கும் சொல் என்று பழைய உரையாளர் குறித்தனர். அது இன்று விலங்கின் தாய்க்கே மிகுதியும் உரியதாகச் சுருங்கி, மானிடத் தாய்க்கு வழங்குங்கால் வசைத்தன்மை பெற்றுவிட்டது. அவ்வுரையாளரே பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் எனவும் குறித்தனர். அந்த ஞமலி இன்று நூல்வழக்கில் மட்டுமே எஞ்சியது.

தொல்காப்பிய மரபியல் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைக்குக் குருளை, குட்டி, பறழ் என்னும் பெயர்களை வகுத்த நூல், பிள்ளை என்னும் பெயரைப் பிறவற்றிற்கு உடன்பட்டு நாய்க்கு மட்டும் விலக்குகிறது. மக்களோடு மிக நெருங்கி வாழும் விலங்கிற்கு மக்கட்குரிய பெயரை மறுத்தது வியப்பன்று. நெருக்கமே விலக்கிற்குக் காரணமாகியிருக்கலாம். கல்வெட்டு வேறுவகையில் பேசுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீழ்ந்த வீரனுக்கு அருகே நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் கோவிவனும் தலைவனை உடைய நாயே.

உயிரியல் ஆய்வுகள் இவ்விடத்தில் இலக்கிய ஆய்வுக்குத் துணைசெய்யும். நாய் சாம்பல்நிற ஓநாயின் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை. செருமனியின் பான்-ஓபர்காசலில் மனிதரோடு புதைக்கப்பட்ட நாயின் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. காசுமீரத்துப் புர்சகோமில் புதிய கற்காலத்து நாய்ப் புதைப்புகள் கிடைத்துள்ளன. மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயில் மிகுந்துள்ளன என்பது 2013இல் வெளிப்பட்டது. மனிதனின் சோறே நாயின் உடலை மாற்றியது எனலாம். குட்டியைப் பிடித்து வளர்த்தமையால் அன்றி, குடியிருப்பின் எச்சிலை நாடி வந்த ஓநாய்கள் தாமே பழகின என்பது ரேமண்டு, லோர்னா காப்பிங்கர் இணையர் 2001இல் வெளியிட்ட நூலின் கருத்து. இது முடிந்த முடிபன்று. எனினும் உலக நாய்களுள் பெரும்பான்மை இன்றும் தனியுடைமை ஆகாதவை. உடையவனிடமிருந்து வழிதவறியது என்னும் பொருள்பட அவற்றை ‘அநாதை நாய்’ என்பது பிழையாகும்.

தகழியின் ‘வெள்ளப்பொக்கத்தில்’ என்னும் சிறுகதையை நன்றியின் கதையாகவே வாசிப்பது வழக்கம். சேன்னன் என்னும் பறையர் குடிமகன் வெள்ளத்தில் படகேறித் தப்ப, கூரைமேல் விடப்பட்ட நாய் அவன் வாழைக்குலையைக் காத்து மடிகிறது. நீர் வடிந்தபின் வந்தவன் அழுகிய உடலைக் காண்கிறான். அது தன் நாய்தானா என்பதை அவனால் உறுதிசெய்ய இயலவில்லை. உடைமை என்பது எத்துணை மெல்லிய இழை என்பதே இக்கதையின் ஆழம். நன்றியை மட்டும் காணும் திறனாய்வு அம்முடிவைக் கவனியாது கடந்துவிடுகிறது.

பெயரிடுதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2016 ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை வட்டத்துப் புல்லுவிளைக் கடற்கரையில் மூதாட்டி ஒருவர் நாய்க்கூட்டத்தால் கடியுண்டு இறந்தார். நாய்க்கடி இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய நீதிபதி சிரி ஜகன் குழுவை உச்சநீதிமன்றம் அமைத்ததும் அவ்வாண்டிலேயே. அப்பொழுது நடைமுறையிலிருந்த 2001ஆம் ஆண்டு விதிகள் நாய்களை வளர்ப்புநாய், தெருநாய் என இரண்டாகவே பகுத்தன. உடையவன் பொறுப்பு, இன்றேல் தெருவின் பொறுப்பு. தெருவோ எவருடையதும் அன்று. 2023ஆம் ஆண்டு விதிகள் ‘சமுதாய விலங்கு’ என மூன்றாவது பெயரைக் கொணர்ந்தன. கருத்து முன்னேற்றமே. ஆனால் அவ்விலங்கிற்கு உணவிட வகைசெய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச்சங்கம், அடுக்கக உரிமையாளர் சங்கம் அல்லது உள்ளாட்சிப் பிரதிநிதி ஆகியோர்க்கு அவ்விதிகள் தருகின்றன. நகரத்து அடுக்ககத்தை முன்னிறுத்தி வகுத்த ஏற்பாடு இது. விளைகளும் மீன்சந்தையும் கடற்கரையும் கலந்து கிடக்கும் எல்லையூரில், இரவில் மீன்கழிவைத் தேடித் திரியும் நாடன்பட்டிக்கு எந்தச் சங்கம் பொறுப்பேற்கும்?