இருவர் ஒத்தால் போதுமா?

1966ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடிய நகரம் கோலாலம்பூர். அந்நகரிலும் கிள்ளான் வட்டாரத்திலும் இன்று ஆசிரியப் பயிற்சி பெறுவோர் ஆய்வேடு எழுதுங்கால், பெற்றோரைக் கண்டு உரையாடி, அவர்தம் மொழிகளை ‘வறுமை’, ‘அக்கறையின்மை’ என்றாற்போல வகைக்குறியிட்டுப் பிரிக்கின்றனர். இருவர் தனித்தனியே குறியிட்டு, நூற்றுக்கு இத்தனை ஒத்தன என்று காட்டிவிட்டால் ஆய்வு நிறைந்தது எனக் கருதுவாரும் உளர். அக்கருத்து ஆராயத்தக்கது.

இருவர் குறியும் ஒத்துவருவது நம்பகம். அக்குறி உண்மைப் பொருளைச் சுட்டுவது ஏற்புடைமை. நம்பகத்தை அளப்பதிலேயே ஏமாற்றம் உண்டு. இருவரும் 100 விடைகளில் 80க்கு ‘வறுமை’ என்றும் 20க்கு ‘அக்கறையின்மை’ என்றும் எழுதி, மொத்தம் 80 இடங்களில் ஒத்தனர் எனக் கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் குறித்திருந்தாலும் 68 இடங்கள் தற்செயலாய் ஒத்திருக்கும். ஜேக்கப் கோகன் 1960இல் வகுத்த ‘காப்பா’ அளவையால் கணக்கிட்டால் கிடைப்பது 0.375 மட்டுமே.

ஒப்புமை முழுமையாயினும் ஏற்புடைமை வந்துவிடாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையை எடுத்துக்கொள்க. 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினம். மீனும் உப்பும் மரக்கலமும் புலிப்பொறியிட்ட பண்டங்களும் மலிந்துள்ளன. கண்ட சொற்களை மட்டும் எண்ணும் மாணவர் பதின்மரும் ‘நெய்தல்’ என்றே குறிப்பர். பாட்டோ பாலை! அத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் மறுப்பதே அதன் பொருள். உரிப்பொருள் தவிர்ந்த ஏனையவை பிற திணையொடு கலக்கலாம் எனத் தொல்காப்பியர் இடந்தந்தது இதனாற்போலும். எதைக்கொண்டு குறியிடுவது, எதைக் கண்டு மயங்கலாகாது என்னும் இத்தெளிவை இன்றைய ஆய்வேடுகள் பலவற்றின் குறிப்பட்டியலில் தேடவேண்டியுள்ளது.

நெடுநல்வாடை வேறுவகை. தலைவனைப் பிரிந்தாளின் துயர் கூறும் அதனை அகமென்றே எவரும் படிப்பர். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டும் அடையாளப்பூ ஆதலின், தலைவனை இன்னானென்று சுட்டுதல் அகத்திற்கு ஆகாதென்னும் நெறிபற்றி நச்சினார்க்கினியர் அதனைப் புறமாக்கினார். ஓர் அடையாளத்தால் 188 அடிகளின் குறி மாறிற்று. இம்முடிபை ஏலாதாரும் உளர். ஆனால் அவர் காரணத்தை எழுதிவைத்தார். ஆகவே இன்றும் வாதிட முடிகிறது. விழுக்காட்டோடு எவர் வாதிடுவது?

கிள்ளானில் ஒரு தாய், “படிச்சு என்னா ஆவப்போவுது?” என்றால், இருவரும் ஒருமித்து ‘அக்கறையின்மை’ என்று எழுதிவிடக்கூடும். மூத்த மகன் படித்தும் வேலையின்றி வீட்டிலிருப்பதை அவள் முன்பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். அப்பக்கத்தையும் சேர்த்துப் படித்து, குறிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதி, இயலுமாயின் அத்தாயிடமே மீண்டும் சென்று, “நீங்கள் சொன்னது இதுதானா, அம்மா?” என்று கேட்பதற்கு எந்த அளவையும் தடைசெய்யவில்லை.